பட்டம் பிடிப்பவர்

"டீச்சர், நான் இங்கே பட்டம் விட வந்தேனா, பட்டம் பிடிக்க வந்தேனா?"

பூவலிங்கம் கேட்டே விட்டார். இருபத்தோரு நாளாக வாய்வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போன கேள்வி.

சகாயராணி கயிற்றில் விழுந்திருந்த ஒரு சின்ன முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்கண்ணே?"

"பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அப்ப அதுக்குத்தான் வந்திருக்கீங்க."

முடிச்சு அவிழ்ந்தது. அவள் அடுத்த கயிற்றுக்குப் போய்விட்டாள்.

இது மொட்டைமாடியில் பிள்ளைகள் விடுகிற காகிதப் பட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வீட்டுக் கூடத்தை மூடுகிற அளவுக்குத் துணி. அதற்கு வாய் உண்டு. வாய்வழியாகக் காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும். அதிலிருந்து இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு நாலு கயிறு. கயிற்றின் மறுமுனை ஒரு மனிதனின் இடுப்பு வாரில் மாட்டியிருக்கும். அந்த மனிதன் மூன்று சக்கர வண்டியில் தரையோடு தரையாக உட்கார்ந்து, முன்சக்கரத்தைக் காலால் திருப்பிக்கொண்டு போவான். எஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது. காற்று இழுக்கும், வண்டி போகும். டவுன் பஸ் தோற்றுப் போகும்.

இடம், கடலை ஒட்டிய ஒரு தரவை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மற்ற மாதங்களில் உப்புப் பூத்துக் காய்ந்து கிடக்கும். ஆடு கடிக்க ஒரு புல் இருக்காது. வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பும். ஆவணி பாதியில் அதன் மூச்சு அடங்கிவிடும். அதற்குள் ஓட்டினால்தான் உண்டு.

சகாயராணிக்கு முப்பத்து மூன்று வயது. அந்தக் கடற்கரைக்காரி. இந்த வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், அதனால் எல்லாருக்கும் டீச்சர். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் தையல் போட்ட நீளத் தழும்பு ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கேட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

பூவலிங்கத்துக்கு ஐம்பத்து நாலு. லைன்மேன். இருபத்தாறு வருஷம் மின்கம்பம் ஏறிய ஆள். ஏறி ஏறி இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. இப்போது ஆபீசில் ஒரு நாற்காலி. போன் அடித்தால் எடுத்து, "ஆள் அனுப்பியிருக்கோம்மா, வந்துரும்" என்று சொல்லவேண்டும். அவர் அனுப்புகிற ஆள் ஏறுவான். அவர் உட்கார்ந்திருப்பார்.

கம்பத்து உச்சியில் நின்றவனுக்குத்தான் அது தெரியும். கீழே வேப்பிலை அசையாது. மேலே சட்டை பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்தக் காற்று இல்லாமல் அவருக்கு ராத்திரித் தூக்கமும் இல்லை, பகல் சோறும் இறங்கவில்லை. ஒருநாள் பஸ் ஜன்னலில் இந்தப் பட்டத்தையும் அதன் கீழே பறந்துகொண்டிருந்த வண்டியையும் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, நொண்டிக்கொண்டே திரும்பி நடந்து வந்து சேர்ந்தார்.

அவருக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆவணி ஐந்து, மதுரையில் இரண்டு காலுக்கும் மூட்டு மாற்று ஆபரேஷன். "அதுக்கப்புறம் நடக்கலாம், படியேறலாம். இந்த இழுபறி விளையாட்டெல்லாம் மறந்துருங்க" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மனைவி முத்துராக்கு வேறு மாதிரி சொன்னாள். "போறது போ. ஒடைஞ்ச காலுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாம், கேட்டுக்க."

ஆக, இருப்பது ஒரே ஒரு கச்சான். அவர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்.

"இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு தடவை, டீச்சர். ஒரே ஒரு தடவை."

"பார்க்கலாம்ணே."

*

முதல் நாளே அவர் சகாயராணியை மடக்கினார்.

அவள் பட்டத்தை விரித்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நெற்றியில் வைத்து வடக்கே பார்த்தார்.

"டீச்சர், அங்கே போற லைன் என்ன லைன்னு தெரியுமா?"

"கரண்ட் லைன்."

"பதினோராயிரம் வோல்ட். உங்க கயிறு அறுந்து பட்டம் போச்சுன்னா, காத்து கொண்டுபோய் எங்கே போடும்?"

அவள் வடக்கே பார்த்தாள். காற்று வருகிற பக்கம் பார்த்தாள். விரித்த பட்டத்தைச் சுருட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு முக்கால் கிலோமீட்டர் தெற்கே நடந்தாள். மூன்று வருஷமாக ஓட்டிய இடத்தை அன்றோடு விட்டுவிட்டாள்.

நம்ம ஆளுக்கு ஒரே சந்தோஷம். இந்த மரியாதைக்கு நாளைக்கே வண்டியில் ஏற்றிவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் அவள் அவர் கையில் பட்டத்தைக் கொடுத்தாள்.

"பிடிங்க."

பட்டம் தானாக எழும்பாது. பெரிய பட்டத்துக்கு எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டும். அவர் காற்று பாய்கிற நேர்த்தடத்தைவிட்டு, அதன் ஓரமாக நின்று பட்டத்தைத் தூக்கிப் பிடிப்பார். வாரில் மாட்டியிருப்பவர் தயாரானதும் கையை விடுவார். அவ்வளவுதான் வேலை. ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம், இடுப்பில் ஆபத்துக்கு இழுத்தால் எல்லாம் கழன்றுபோகிற சிவப்புப் பிடி. பிடிக்கிறவருக்கு இரண்டு வெறுங்கை.

"இங்கே ஒரு வழக்கம் இருக்குண்ணே. பிடிக்கிறவர் மூணு தடவை 'விடவா'ன்னு கேக்கணும். ஓட்டுறவர் மூணு தடவையும் 'விடு'ன்னு சொல்லணும்."

"சரி."

"மூணாவது தடவை அவர் 'விடு'ன்னு சொன்ன பிறகும், பிடிக்கிறவர் 'மாட்டேன்'னு சொல்லலாம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. பிடிக்கிறவரும் சொல்லக் கூடாது. அந்தப் பட்டத்தை அன்னைக்கு வேற யாரும் பிடிச்சு விடவும் கூடாது."

பூவலிங்கம் சிரித்துவிட்டார்.

"இது என்ன டீச்சர், கோயில் சடங்கு மாதிரி? யாராவது மாட்டேன்னு சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

ஒன்றும் ஆகாத காரியத்துக்கு ஒரு வழக்கமா என்று அவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். வெளியே தலையை ஆட்டி வைத்தார்.

இருபத்தோரு நாள் பிடித்தார். யார் யாரோ வந்தார்கள், ஓட்டினார்கள், முகமெல்லாம் உப்பு ஒட்ட, பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தார்கள். வண்டி தூரத்தில் ஒரு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். கை மட்டும் தூக்கினபடி இருக்கும். கீழே போட மறந்துபோகும்.

*

அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றைக்கு வாரை மாட்டிக்கொண்டு நின்றவர் சண்முகவடிவு. பரமக்குடியில் பல் மருத்துவர். நாற்பத்தோரு வயது. வாரக் கடைசியில் காரை ஓட்டிக்கொண்டு வருவார். எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். வண்டி இல்லாமல், நின்றபடி பட்டத்தை ஆளப் பழகிக்கொண்டிருந்தார்.

பூவலிங்கம் பட்டத்தைத் தூக்கிப் பிடித்தார்.

காற்று முதலில் தெரிவது பிடிக்கிறவர் கைக்குத்தான். துணி இரண்டு தடவை படபடத்தது. பிறகு ஒரு நொடி, காற்றே இல்லாததுபோல் தொங்கியது. அவர் உள்ளங்கையில் ஏதோ சுருக்கென்றது.

"விடவா?"

"விடுங்க!"

"விடவா?"

"விடுங்க!"

துணி மறுபடி தொங்கியது. கம்பத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு நொடி வந்தால் அவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டுவிடுவார். அடுத்து வருவது என்னவென்று உடம்புக்குத் தெரியும்.

"விடவா?"

"விடுங்கண்ணே, கை வலிக்குது!"

விட்டார்.

எங்கிருந்தோ மொத்தக் காற்றும் ஒரே மூச்சாக வந்தது. பட்டம் ஓரமாக ஏறாமல் நட்டநடுவே பாய்ந்தது. டாக்டரம்மா நின்ற இடத்தில் இல்லை. கால் தரையைவிட்டு ஒரு ஆள் உயரம் போய், குப்புற விழுந்து, தரவையில் இழுபட்டார்.

"சிவப்பு! சிவப்பை இழுங்க!" என்று சகாயராணி கத்திக்கொண்டே ஓடினாள்.

இழுத்தார். பட்டம் செத்து விழுந்தது. ஹெல்மெட்டில் ஒரு பக்கம் உப்பும் மண்ணும் அப்பியிருந்தது. தலைக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

பல் மருத்துவருக்கு வலது மணிக்கட்டு. பூவலிங்கம் அந்த உப்புத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காரில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து சகாயராணி அவர் எதிரே குந்தினாள்.

"கைக்குத் தெரிஞ்சுதாண்ணே?"

அவர் பொய் சொல்லவில்லை.

"தெரிஞ்சுது."

"பின்னே?"

"அவங்க விடுன்னாங்க."

அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினார்.

"இருபத்தாறு வருஷம் டீச்சர். மேலே நிக்கிறவன் சொல்லாம கீழே நிக்கிறவன் சுவிட்ச் மேல கை வைக்கக் கூடாது. மேலே இருக்கிறவன் சொல்லிட்டா, கீழே இருக்கிறவன் யோசிக்கவும் கூடாது. அப்படி இருந்ததாலதான் நான் உசுரோட இருக்கேன். கீழே நிக்கிறவனுக்குன்னு ஒரு சொல்லு இருக்கும்னு எனக்குப் பழக்கமில்லை."

அவள் எழுந்து பட்டத்தின் ஓரத்தில் மண்ணை அள்ளிப் போட்டாள், காற்றில் போய்விடாமல் இருக்க.

"நாளையிலேருந்து வர மாட்டேன் டீச்சர்."

"நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க. வண்டியை எப்படித் திருப்புறதுன்னு சொல்லித் தர்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம்.

"ஒரு ஆளோட கையை ஒடிச்சிருக்கேன். எனக்கு வண்டியா?"

"உங்க கைக்குத் தெரியுது. எல்லார் கைக்கும் தெரியாது."

அன்று சாயங்காலம் அவர் பரமக்குடிக்குப் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கட்டில் ஓரத்தில் நின்று, தனக்குத் தெரிந்தே விட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். டாக்டரம்மா ரொம்ப நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தான் அவசரப்படுத்தினேன்" என்றார் கடைசியில்.

சொன்னாரே தவிர, முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

ஆனி முழுக்கப் பாடம்.

சின்னப் பட்டத்தை நின்றபடி ஆளக் கற்றார். காற்றின் ஓரத்தில் வைத்தால் அது பசுமாடு, நடுவில் கொண்டுவந்தால் முரட்டுக் காளை என்று தெரிந்துகொண்டார். சிவப்புப் பிடியை இழுத்து இழுத்துப் பழகினார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இழுத்தார். வீட்டில் தூக்கத்தில் இடுப்பைத் தடவியதைப் பார்த்து முத்துராக்கு, "அங்கே என்ன இருக்கு, சாவிக்கொத்தா?" என்றாள்.

வண்டியில் உட்கார வைத்து, பட்டம் இல்லாமல் சகாயராணி கயிறு கட்டி இழுத்தாள். காலால் திருப்பினார். முழங்கால் உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.

பாடம் முடிந்தது. ஓட்டம் வரவில்லை.

ஆடியில் காற்று வெறி பிடித்து அடித்தது. தினமும் ஆறு மணிக்கு அவள் காற்றை அளக்கிற சின்னக் கருவியை உயரே பிடிப்பாள். எண்ணைப் பார்ப்பாள். அவரிடம் காட்டுவாள்.

"இன்னைக்கு?"

"வேண்டாம் டீச்சர்." அவரே சொல்லிவிடுவார்.

பத்து நாள் அப்படி. பிறகு நாலு நாள் இலைகூட ஆடவில்லை. பிறகு இடி மின்னல். மேகம் கறுத்தால் அவர் யாரும் சொல்லாமலே கயிற்றைச் சுருட்டிவிடுவார். ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மின்னலுக்குக் கீழே நிற்பது என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாள்காட்டித் தாள் ஒவ்வொன்றாகக் கிழிந்தது. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் வெள்ளைத் தரை ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்கு என்னமோ பைத்தியம் பிடிச்சிருக்கு ராக்கு" என்றார் ஒருநாள். "அம்பத்து நாலு வயசுல ஒரு துணி பின்னாடி அலையுறேன்."

முத்துராக்கு அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணத்துக்கு முன்னாடி என் பின்னாடி இப்படித்தான் அலைஞ்சே. அப்ப நல்லாத்தானே இருந்தே" என்றாள்.

*

ஆவணி நாலு. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு மதுரை கிளம்பவேண்டும். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

ஆறு மணிக்குத் தரவையில் கால் வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு காற்று. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. தறியில் ஓடுகிற நூல் மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

சகாயராணி கருவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

"மாட்டுங்கண்ணே."

அவர் ஹெல்மெட் வாரை மூன்று தடவை மாட்டினார். இரண்டு பேருமாகக் கயிறு நாலையும் முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்தார்கள். முடிச்சில்லை, பிசிறில்லை. சிவப்புப் பிடியை ஒருதடவை இழுத்துக் கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். காற்றுப் போகிற பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை ஆள் இல்லை, மாடு இல்லை, கம்பம் இல்லை.

அப்போது ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவர் டாக்டரம்மா. மாவுக்கட்டு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை மட்டும் சுற்றியிருந்தார்.

"சும்மா பார்க்க வந்தேன்" என்றார்.

சகாயராணி பட்டத்தைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள்.

"பிடிக்கிறீங்களா?"

டாக்டரம்மா தயங்கினார். வண்டியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு, இருபத்தைந்து மீட்டர் நடந்து போய், காற்றின் ஓரத்தில் நின்று தூக்கிப் பிடித்தார்.

பூவலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தன்னால் கை ஒடிந்தவர் தனக்குப் பட்டம் பிடிக்கிறார். இதைவிட வேறு என்ன வேண்டும்? கண் கலங்கி, எதிரே எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கையுறையால் துடைத்துக்கொண்டார்.

"விடவா?"

"விடுங்கம்மா!"

பட்டம் உப்பியது. கயிறு விறைத்தது. இடுப்பு வார் லேசாக முன்னே இழுத்தது. ஆகா, அந்த இழுப்பு.

"விடவா?"

"விடுங்க!"

முன்னே வெள்ளைத் தரை கடல்வரைக்கும் காத்துக்கிடந்தது. அவர் காலை முன்சக்கரத்தின் மேல் அழுத்தினார். முழங்கால் வலிக்கவே இல்லை.

"விடவா?"

"விடுங்க டாக்டரம்மா!"

டாக்டரம்மா விடவில்லை.

ஒரு நொடி. இரண்டு நொடி. ஒரு நிமிஷமே போனதுபோல் இருந்தது.

"மாட்டேன்."

காற்று அடித்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார்.

"என்னம்மா?"

"மாட்டேன்!"

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சிவரைக்கும் சுடச்சுட ஏறியது. பழி வாங்குகிறாள். இரண்டு மாதம் காத்திருந்து, காரை ஓட்டிக்கொண்டு வந்து, சரியான நாள் பார்த்துப் பழி வாங்குகிறாள்.

"டீச்சர்!"

சகாயராணி பக்கத்தில் வந்தாள்.

"அவங்களைச் சொல்லச் சொல்லுங்க, ஏன்னு."

"கேக்கக் கூடாதுண்ணே."

"நீங்க பிடிங்க டீச்சர். உங்க காலைத் தொட்டுக் கேக்கிறேன், நீங்க வந்து பிடிங்க."

அவள் அசையவில்லை.

"எனக்கு நாளைக்குக் கால் இல்லை டீச்சர்! உங்களுக்குத் தெரியும்ல? அடுத்த கச்சான் உங்களுக்கு வரும், அவங்களுக்கு வரும். எனக்கு வராது."

ஐம்பத்து நாலு வயது மனிதர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து அழுதார். வெட்கப்படவில்லை. அவ்வளவு ஆசை அது.

சகாயராணி அவர் பக்கத்தில் உப்புத் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் எழுந்து போய்ப் பட்டத்தைப் பிடிக்கவில்லை.

அவர் இடுப்பு வாரைக் கழற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏதாவது ஒன்று நடக்கட்டும் என்று காத்திருந்தார். ஒரு சூறை வரட்டும், ஒரு கயிறு அறுபடட்டும். ஒன்றாவது வந்தால் மனசு ஆறும்.

ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் கச்சான் அதே சீராக, அதே மென்மையாக, காதோரத்தில் போய்க்கொண்டே இருந்தது. அந்த வருஷத்தின் மிக நல்ல காற்று.

"காத்து நல்லாத்தானே இருக்கு டீச்சர்?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அவங்க சொன்னது தப்பு."

"தப்பாவும் இருக்கலாம்."

"பயத்துல சொல்லியிருப்பாங்க."

"பயமாவும் இருக்கலாம்ணே."

"அப்புறம் என்னத்துக்கு இந்த வழக்கம்?" அவர் குரல் உடைந்தது. "தப்பாச் சொல்லி ஒரு மனுஷனோட ஆசையில மண்ணைப் போடுறதுக்கா?"

சகாயராணி உப்பை விரலால் கீறிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க விடாம இருந்திருந்தா, 'மாட்டேன்'னு நீங்க சொன்னது சரின்னு டாக்டரம்மாவுக்கு யாருண்ணே சொல்லியிருப்பா?"

அவர் டாக்டரம்மா நின்ற பக்கம் திரும்பினார்.

இருபத்தைந்து மீட்டர் தள்ளி டாக்டரம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பட்டத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. பட்டை சுற்றிய கையும் விளிம்பை விடவில்லை. முகத்தைத் துடைக்கக்கூட ஒரு கை காலியில்லை. கண்ணீர் தாடைவரைக்கும் ஓடிக் காற்றில் தெறித்துக்கொண்டிருந்தது.

பூவலிங்கம் வண்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். கயிறு நாலையும் மிதிக்காமல், ஓரமாக, நொண்டி நொண்டி நடந்தார்.

"அண்ணே, எனக்கு..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க."

அவர் பட்டத்தின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"கையை எடுங்க டாக்டரம்மா. நான் பிடிச்சுக்கிறேன்."